மீண்டு செல்ல ஒரு கூடு

நம் நாட்டுத் தமிழர் இல்லங்களில் இல்வாழ்க்கை இருவர் மட்டும் நடத்தும் வாழ்க்கையன்று. மாமன், மாமி, மச்சான், மச்சாள், பெறாமக்கள், அயலார் என்று பலர் கூடி நடத்தும் வாழ்க்கை அது. பலவகையிலும் சிறந்த ஏற்பாடுதான். ஆயினும் அந்தக் கூட்டத்தின் நடுவே கணவனும் மனைவியும் ஒருவரோடொருவர் ஆறுதலாக நாலு வார்த்தை பேசுவதற்கு இரவில் விளக்கணைந்த பின்னரே நேரம் வாய்க்கிறது. அந்தப் பேச்சும் பெரும்பாலும் அரிசி விலையிலும் பிள்ளைகளின் படிப்பிலும் முடிந்துவிடுகிறது.

இத்தகைய இருவர் ஒருநாள் பிள்ளைகளை அம்மம்மாவின் பொறுப்பில் விட்டுவிட்டு, கட்டுச்சோறும் கையுமாக வெளியூர் புறப்பட்டால் ஊர் என்ன சொல்லும்? “இந்த வயதில் இவர்களுக்கு ஏன் இந்த உலா?” என்று கேட்கும். கேள்வி நியாயமானதா என்பதைக் கொக்கிளாய்க் களப்பின் கரையில் அமர்ந்து சிந்திப்பது பொருத்தமாக இருக்கும்.

முல்லைத்தீவிலிருந்து தெற்கு நோக்கி அளம்பில், செம்மலை, நாயாறு, கொக்குத்தொடுவாய் எனக் கடலோரமாகச் செல்லும் வழியின் தென்கோடியில் இருப்பது கொக்கிளாய். களப்புக்கு அப்பால் புல்மோட்டை. கிழக்கே கடல், மேற்கே காடு. இடையிலே ஏறத்தாழ முப்பது சதுரக் கிலோமீற்றர் பரப்பில் விரிந்து கிடக்கிறது ஆழங்குறைந்த அந்த நீர்நிலை. விளிம்பிலே கண்டல் மரங்கள். மாரி வெள்ளம் பெருகும்போது மணல் திட்டை உடைத்துக்கொண்டு களப்பு கடலோடு கலக்கும். வெள்ளம் வடிந்து அலைகள் மணலைக் குவித்தால் வாய் மீண்டும் அடைபடும். நன்னீரும் உவர்நீரும் கலக்கும் இவ்விடத்தில் மீனுக்கும் இறாலுக்கும் குறைவில்லை. ஆதலின் பறவைகளுக்கும் குறைவில்லை. 1951ஆம் ஆண்டிலேயே இது பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது.

மார்கழி, தை மாதங்களில் இக்கரைக்கு வருவோர் பூநாரைகளையும் கூழைக்கடாக்களையும் முதலில் காண்பர். அவற்றின் உருவமும் நிறமும் கண்ணை இழுப்பவை. ஆனால் பொறுமையோடு சற்று நேரம் அமர்ந்திருப்பவர், தாராக் கூட்டங்களுள் ஒரு புதுமையைக் காணலாம். ஊசி போன்ற நீண்ட வால் இறகுடைய ஊசிவால் தாரா, ஆசியாவின் வடகோடியில் முட்டையிட்டுக் குஞ்சு பொரிப்பது. பனிக்காலம் நெருங்கியதும் பிறந்த இடத்தை விட்டு ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் பறந்து தென்னாடுகளை அடைகிறது. இங்கு வந்து சேரும்போது ஆணும் பெண்ணும் ஏறத்தாழ ஒரே மங்கிய நிறம். பின்னர் ஆண் பறவை பழைய இறகுகளை உதிர்த்து, கபில நிறத் தலையும் வெண்ணிறக் கழுத்துமாக மாப்பிள்ளைக் கோலம் பூணுகிறது. ஒரு பெண்ணைச் சூழ்ந்து பல ஆண்கள் தலையை நிமிர்த்தியும் மெல்லச் சீழ்க்கையடித்தும் வலம்வரும். தேர்ந்தெடுப்பது பெண்ணே.

இதில் வியப்பு யாதெனின், இந்த இனத் தாராக்கள் துணை சேர்வது கூடு கட்டும் தாயகத்திலன்று. குளிர்காலத்தைக் கழிக்க வந்த அயல்நாட்டு நீர்நிலையிலே. பங்குனியை அண்டித் திரும்பும்போது பெண் தன் பிறந்தகம் நோக்கிப் பறக்க, ஆண் அதன் பின்னே செல்கிறது. மணமகன் மணமகளின் வீட்டுக்குச் சென்று வாழும் வழக்கம் மட்டக்களப்புத் தமிழர்க்குப் புதிதன்று. ஆனால் தாராவிடம் எல்லாவற்றையும் கற்றுக்கொள்ளல் ஆகாது. பெண் அடைகாக்கத் தொடங்கியதும் ஆண் பிரிந்து போய்விடும்! பிறந்த இடத்தை விட்டு வெகுதூரம் வந்த பின்னரே அவை ஒன்றையொன்று கண்டுகொள்கின்றன என்ற அளவோடு நிறுத்திக்கொள்வோம்.

வடக்கிலிருந்து வரும் இப்பறவைகளுட் பல இந்தியக் கரையோரமாக வந்து, கோடிக்கரையை அடுத்துப் பாக்கு நீரிணையைக் கடந்து நம் நாட்டை அடைகின்றன. அந்தக் கோடிக்கரை 1967இல் சரணாலயமாவதற்குத் தூண்டுதலாக இருந்தவர் பறவையியல் அறிஞர் சாலிம் அலி. அவருடைய வாழ்க்கையே நாம் எடுத்துக்கொண்ட பொருளுக்கு நல்லதோர் எடுத்துக்காட்டு. வெட்டவெளியில் இருவராக வாழ்ந்த காலம் வீண் காலமா என்ற கேள்விக்கு அதில் விடை உண்டு.

சாலிம் அலி 1918ஆம் ஆண்டில் தெஹ்மினா என்னும் நங்கையை மணந்தார். ஜேர்மனியில் பறவையியல் கற்று 1930இல் அவர் நாடு திரும்பியபோது, அதுவரை பார்த்துவந்த பணி இல்லாமற் போயிற்று. மும்பைக்கு எதிர்க்கரையிலுள்ள கிஹிம் என்னும் கடற்கரைச் சிற்றூரில் கணவனும் மனைவியும் தங்கினர். வேலையில்லாதவனின் கட்டாய விடுமுறை என்றே அதனைச் சொல்ல வேண்டும். அந்த ஓய்வில் அருகேயிருந்த மரத்தில் தூக்கணாங்குருவிகள் கூடு பின்னுவதை அவர் நாள்தோறும் நோக்கினார். ஆண் குருவி கூட்டைப் பாதியளவு கட்டி நிறுத்த, பெண் வந்து பார்வையிட்டு ஏற்றபின்னரே அது நிறைவு பெறுவதையும், அவள் முட்டையிட்டதும் அவன் வேறொரு கூட்டைத் தொடங்கி வேறொருத்தியை அழைப்பதையும் கண்டறிந்து எழுதினார். அவ்வாராய்ச்சி அறிஞருலகில் அவருக்குப் பெயர் தேடித்தந்தது.

அடுத்து வந்தன பறவைக் கணக்கெடுப்புப் பயணங்கள். 1931இலும் 1932இலும் ஐதராபாத் சமஸ்தானத்தின் காடுகள். 1933இல் திருவிதாங்கூர், கொச்சி மலைகள். தெஹ்மினா இங்கிலாந்தில் கல்வி பயின்றவர்; நகர வசதிகளில் வளர்ந்தவர். எனினும் கூடாரத்திலும் காட்டுப் பங்களாக்களிலும் கணவனோடு தங்கினார். இன்று சாலிம் அலியின் பெயரைத் தாங்கிநிற்கும் தட்டேக்காட்டுச் சரணாலயம் அக்காலப் பயணத்தில் அவர் மனத்தைக் கவர்ந்த இடமாகும். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்திருப்பின் சில நாட்களிற் சலிப்பு வந்திருக்கக்கூடும். இருவருமாக மூன்றாவதொன்றை, கிளைமீது அமர்ந்த ஒரு குருவியை, மூச்சடக்கிப் பார்த்திருப்பதில் சலிப்புக்கு இடமேது?

1939இல் ஒரு சிறு அறுவைச் சிகிச்சையைத் தொடர்ந்து தெஹ்மினா காலமானார். சாலிம் அலி மறுமணம் செய்துகொள்ளவில்லை. 1987இல் மறையும்வரை, ஏறக்குறைய நாற்பத்தெட்டு ஆண்டுகள், பறவைகளின் பின்னே அவர் தனியாகவே நடந்தார். அந்த நெடும் பயணத்துக்கு அடித்தளம் இட்டவை இருவராக வெளியிலே கழித்த அந்தச் சில ஆண்டுகளே. நாளைக்கு என்று தள்ளிவைத்திருந்தால் அந்த நாளை வந்திராது.

மீண்டும் கொக்கிளாய்க்கு வருவோம். வெட்டவெளி எல்லோர்க்கும் விடுமுறை ஆவதில்லை. 1984ஆம் ஆண்டு மார்கழியில் கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி ஆகிய ஊர்களின் தமிழ்க் குடும்பங்கள் வீடுவாசல் துறந்து வெளியேற வேண்டியதாயிற்று. போர் 2009இல் முடிந்த பின்னரே அவர்களுக்குத் திரும்பும் வழி திறந்தது. இடைப்பட்ட அத்தனை ஆண்டுகளிலும் வடபுலத்துத் தாராக்கள் பருவந்தவறாது களப்புக்கு வந்து போயின. கரையிற் பிறந்த மனிதரால் வர முடியவில்லை. மரத்தடியில் ஓரிரவு உறங்குவது உலாவந்தவனுக்கு இன்பம். வேறு போக்கிடமின்றி உறங்கியவனுக்கு அதே மரத்தடி துன்பம். மரம் ஒன்றுதான், வேற்றுமை எதில் இருக்கிறது? மீண்டு செல்ல ஒரு வீடு உண்டா இல்லையா என்பதிலேதான்.

ஆகவே, கொக்கிளாய்க்கு ஒருநாட் பயணம் வரும் கணவனும் மனைவியும் இரண்டு கூடுகளை மனத்திற்கொள்ள வேண்டும். ஒன்று அக்கரையில் வாழ்வோரின் கூடு. கரைவலை இழுப்போரின் வழியை மறியாமலும், கொண்டுவந்த காகிதமும் போத்தலும் மணலில் கிடக்காமலும் பார்த்துக்கொள்வது அவர்களுக்குச் செய்யும் மரியாதை. மற்றது பறவைகள் மீளவேண்டிய தொலைதூரக் கூடு. இங்கே மேய்ந்து சேர்க்கும் கொழுப்பே அவற்றின் வழிச்சோறு. வேடிக்கைக்காகக் கல்லெறிந்து ஒரு கூட்டத்தை எழுப்பிவிடுவது, நெடுவழி போவோரின் கட்டுச்சோற்றைத் தட்டிவிடுவதற்கு ஒப்பாகும்.

இனி, ஊரார் கேட்ட கேள்வி. “இந்த வயதில் ஏன் இந்த உலா?” அம்மம்மாவிடம் விட்டுவந்த பிள்ளைகளை எண்ணி, பொழுது சாய்வதற்குள் இருவரும் ஒருங்கே எழுந்து வீடு நோக்கி நடப்பார்களே, அந்த நடையே அதற்கு விடை. காலையில் அலுத்துப்போயிருந்த அதே வீடு மாலையில் அவர்களை அழைக்கிறது. அந்த அழைப்பைக் கேட்பதற்கு ஒருநாளேனும் வீட்டை விட்டு வெளியே வரத்தான் வேண்டும்.