போன தீபாவளிக்கு என்ன வாங்கினீர்கள்?

(சொந்தத் தொழில் தொடங்க விரும்பும் மாணவர்களுக்காக நடந்த தொலைக்காட்சி மன்றத்தில் நிகழ்ச்சிப் படைப்பாளர் ஆற்றிய உரை)



இந்த மன்றத்தில் பேச வேண்டும் என்று என்னை அழைத்தபோது முதலில் தயங்கினேன். நான் தொழிலதிபர் அல்ல. பலதுறைத் தொழிற்கல்லூரியில் வெகுஜனத் தொடர்பு படித்துப் பட்டயம் வாங்கியவள். கேமராவுக்கு முன்னால் நின்று பிறரைக் கேள்வி கேட்பது என் பிழைப்பு. ஆனால் ஏற்பாட்டாளர்கள் விடவில்லை. "நீங்கள் ஒருமுறை வியாபாரம் செய்து நட்டப்பட்டவர்தானே, அதைச் சொல்லுங்கள் போதும்" என்றார்கள். சரி, அந்த நட்டக் கணக்கிலிருந்தே தொடங்குகிறேன்.

2009ஆம் ஆண்டு. கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. நாங்கள் மூன்று தோழிகள். தமிழ் எழுத்துகளை அழகாக வடிவமைத்து டி-சட்டையில் அச்சிட்டுத் தீபாவளிச் சந்தையில் விற்கலாம் என்று ஒரு யோசனை. யோசனை தோன்றிய அன்றே எங்களுக்குள் முதலாளி என்ற நினைப்பு வந்துவிட்டது. அப்படி ஒன்றும் கண்ணை மூடிக்கொண்டு இறங்கவில்லை. ஆய்வு செய்தோம்! வகுப்பிலும் உணவகத்திலும் 60 பேரிடம் தாள் கொடுத்து, "இப்படி ஒரு சட்டை வந்தால் வாங்குவீர்களா?" என்று கேட்டோம். 52 பேர் வாங்குவதாக எழுதிக் கொடுத்தார்கள். இதற்கு மேல் என்ன வேண்டும்?

180 சட்டைகள், ஒன்றுக்கு 7 வெள்ளி, மொத்தம் 1,260 வெள்ளி. கேம்பல் லேனில் கடை போட்டிருந்த ஓர் உறவினர் மாமாவின் கடையில் ஒரு மூலைக்கு 540 வெள்ளி. ஆக 1,800 வெள்ளி. இதில் நாங்கள் ஆளுக்கு 200 போட்டோம். மீதி 1,200 வெள்ளி என் அம்மா சீட்டு எடுத்த பணம். அம்மா பாலர் பள்ளியில் உதவியாளராக வேலை பார்த்தார். அந்தப் பணத்தை அவர் எதற்கு வைத்திருந்தார் என்று அன்று நான் கேட்கக்கூட இல்லை.

தீபாவளி முடிந்தபோது 43 சட்டைகள் விற்றிருந்தன. வாங்குவோம் என்று எழுதிக் கொடுத்த 52 பேரில் கடைப்பக்கம் வந்தவர்கள் ஒன்பது பேர். அவர்களும் பாதி விலைக்குக் கேட்டார்கள், நண்பர்கள் அல்லவா!

கூட்டம் இல்லாமல் இல்லை. தீபாவளிக்கு முந்திய வாரம் அந்தச் சந்து எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். நாம் நடக்க வேண்டியதில்லை, கூட்டமே நம்மை நகர்த்திக்கொண்டு போய்விடும். எங்கள் மூலைக்கும் ஆட்கள் வந்தார்கள், சட்டையைத் தொட்டுப் பார்த்தார்கள். பிறகு ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் போனார்கள். பெரும்பாலும் அம்மாக்கள். கையில் பிள்ளை, தோளில் பை. "சின்னப் பிள்ளைக்கு அளவு இருக்கா?" இல்லை. நாங்கள் எங்கள் அளவுக்குத்தான் அடித்திருந்தோம். வெளிநாட்டு ஊழியர்களும் வந்தார்கள். அவர்கள் கேட்டது வேறு: "காலர் வச்சது இருக்கா? பாக்கெட் இருக்கா?" வேலை அனுமதி அட்டையும் கைத்தொலைபேசியும் வைக்கப் பை வேண்டாமா? எங்களுக்குத் தோன்றவே இல்லை.

மூன்றாம் நாள் இரவு என் தோழி ஒருத்தி ரசீதுப் புத்தகத்தின் பின்பக்கத்தில் கோடு போட ஆரம்பித்தாள். சின்ன அளவு கேட்டவர்களுக்கு ஒரு கோடு. கடையை மூடும்போது எண்ணினால் 71 கோடுகள். ஒரே இரவில்! எங்களுடைய உண்மையான சந்தை ஆய்வு அந்தப் பின்பக்கம்தான். ஆனால் சட்டைகள் அடித்து முடித்த பிறகு வந்த ஆய்வு.

வசூலான 645 வெள்ளியையும் அம்மாவிடம் கொடுத்தேன். மீதி 555 வெள்ளியைத் துணைப்பாடம் சொல்லிக்கொடுத்து ஐந்து மாதத்தில் அடைத்தேன். அம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை. விற்காத சட்டைகளில் ஒன்றை வீட்டில் வெகுகாலம் உடுத்திக்கொண்டிருந்தார். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு என்னவோ போலிருக்கும்.

இப்போது என் தொழிலுக்கு வருகிறேன். அந்த 52 பேர் பொய் சொன்னார்களா? இல்லை. நாங்கள் கேட்ட கேள்வி அப்படி. "வாங்குவீர்களா?" என்று ஒரு பிள்ளை ஆவலோடு கேட்டால் யார் மாட்டேன் என்பார்கள்? அதிலும் நம் சமூகத்தில்! பக்கத்து வீட்டு அத்தையிடம் போய் உங்கள் திட்டத்தைச் சொல்லிப் பாருங்கள். "ரொம்ப நல்லாயிருக்குமா, வந்தா சொல்லு, ரெண்டு வாங்கிக்கிறேன்" என்பார். அது ஆசீர்வாதம். அதைப் போய் விற்பனைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாமா?

இதைப் பற்றி ராப் ஃபிட்ஸ்பேட்ரிக் என்பவர் 2013ஆம் ஆண்டு 'தி மாம் டெஸ்ட்' என்று ஒரு சிறிய புத்தகம் எழுதினார். பெற்ற தாய்கூட உண்மையைச் சொல்லும் விதமாகக் கேள்வி கேட்பது எப்படி என்பதே விஷயம். உங்கள் யோசனையைச் சொல்லாதீர்கள். அவர்களுடைய வாழ்க்கையைக் கேளுங்கள். இனிமேல் என்ன செய்வீர்கள் என்று கேட்காமல், இதற்கு முன் என்ன செய்தீர்கள் என்று கேளுங்கள் என்கிறார். நான் அந்தப் புத்தகத்தைப் படித்தபோது எங்கள் சந்தை மூலைதான் நினைவுக்கு வந்தது. "சட்டை வாங்குவீர்களா?" என்பதற்குப் பதிலாக, "போன தீபாவளிக்கு என்ன வாங்கினீர்கள்? யாருக்கு? எங்கே? எவ்வளவு கொடுத்தீர்கள்? வீட்டில் யார் தேர்ந்தெடுத்தது?" என்று பத்து அம்மாக்களிடம் கேட்டிருந்தால் போதும். பிள்ளைகளுக்கு வாங்கிய கதை தானாக வந்திருக்கும்.

என் அனுபவத்தில் இன்னொன்றும் சொல்வேன். நேர்காணலில் விருந்தினர் பதிலை முடித்தவுடன் அடுத்த கேள்வியைப் போட்டுவிடாதீர்கள். மனத்துக்குள் மூன்று எண்ணுங்கள். அந்த அமைதி அவருக்குச் சங்கடமாக இருக்கும், இன்னும் ஏதாவது சொல்வார். பல சமயம் நிகழ்ச்சிக்கு வேண்டிய செய்தி அந்த இரண்டாவது பதிலில்தான் இருக்கும். முதலில் வருவது மரியாதை. வாடிக்கையாளரிடம் பேசும்போதும் இப்படித்தான். ஆனால் மாணவர்கள் என்ன செய்கிறார்கள்? அவர் வாயைத் திறக்கும் முன்பே தங்கள் செயலியைக் காட்டி விளக்க ஆரம்பித்துவிடுகிறார்கள்.

சிங்கப்பூரில் நிறுவனம் தொடங்குவது எளிது. அக்ராவில் தனியார் நிறுவனம் பதியக் கட்டணம் 315 வெள்ளி. 2017ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட 'ஸ்டார்ட்அப் எஸ்ஜி' திட்டங்கள் வேறு இருக்கின்றன. கதவு இப்படித் திறந்திருப்பது நல்லதுதான். ஆனால் வாங்க ஆள் இருக்கிறாரா என்று அக்ரா கேட்பதில்லை. சிபி இன்சைட்ஸ் என்ற அமெரிக்க ஆய்வு நிறுவனம், மூடப்பட்ட 101 புத்தாக்க நிறுவனங்கள் தங்கள் தோல்விக்குச் சொன்ன காரணங்களை 2014ஆம் ஆண்டு தொகுத்தது. அவற்றில் 42 விழுக்காட்டினர், தங்கள் பொருளுக்குச் சந்தையில் தேவையே இல்லை என்பதைக் காரணமாகச் சொல்லியிருந்தார்கள். அந்தப் பட்டியலில் முதலிடம் அதற்குத்தான். பணம் தீர்ந்துபோனது அடுத்த இடம்.

சரி, வென்றவர்களைப் பார்ப்போம். கேரோசலை அறியாத மாணவர் இங்கே இருக்க முடியாது. அதைத் தொடங்கிய குவெக் சியூ ரூய், லூக்காஸ் நூ, மார்கஸ் டான் மூவரும் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் படித்தவர்கள். பல்கலைக்கழகத் திட்டத்தின்கீழ் அமெரிக்காவின் சிலிக்கன் பள்ளத்தாக்குக்குச் சென்று வேலை பழகியவர்கள். 2012ஆம் ஆண்டு இங்கே நடந்த ஒரு வார இறுதிப் போட்டியில் 'ஸ்னாப்செல்' என்ற பெயரில் தங்கள் யோசனையைச் செய்துகாட்டி வென்றார்கள். அதே ஆண்டு அது கேரோசல் ஆனது. 2021ஆம் ஆண்டு அதன் மதிப்பு 110 கோடி அமெரிக்க டாலர் என்று கணிக்கப்பட்டது.

இதில் நான் கவனிப்பது மதிப்பை அல்ல. அவர்கள் எதைப் பார்த்தார்கள் என்பதை. பழைய பொருளை இணையத்தில் விற்கும் வழக்கம் அதற்கு முன்பே இங்கு இருந்தது. மக்கள் கேமராவில் படம் எடுத்து, அதைக் கணினிக்கு மாற்றி, இணையத்தில் ஏற்றி, விவரம் எழுதி, பதிலுக்குக் காத்திருந்து விற்றுக்கொண்டுதான் இருந்தார்கள். இத்தனை தொல்லைக்கு மத்தியிலும் ஒருவர் ஒரு காரியத்தைச் செய்கிறார் என்றால் அவருக்கு அது தேவை என்று பொருள். வாங்குவீர்களா, விற்பீர்களா என்று தாள் கொடுக்க வேண்டியதில்லை. திறன்பேசியில் படம் எடுத்த கையோடு விற்பனைக்குப் போடலாம் என்று அந்தத் தொல்லையை மட்டும் அவர்கள் குறைத்தார்கள்.

இதற்குப் பல்கலைக்கழகமும் அமெரிக்காவும் வேண்டும் என்று நினைக்காதீர்கள். என் மூலைக்கடை இருந்த அதே கேம்பல் லேனில், அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறுவன் நின்றான். உத்தரப் பிரதேசத்திலிருந்து வந்தவன். அப்பா தள்ளுவண்டியில் தேநீரும் உணவும் விற்றார். பையன் வண்டிக்குப் பக்கத்தில் கைக்குட்டை விற்றான். நம் ஊர் வெயிலில் நின்று சூடாகத் தேநீர் குடிப்பவருக்கு உடனே என்ன வேண்டும் சொல்லுங்கள்! அந்தப் பையன்தான் முஸ்தாக் அகமது. 1971ஆம் ஆண்டு அதே கேம்பல் லேனில் துணிக்கடை திறந்தது அந்தக் குடும்பம். 1995ஆம் ஆண்டு சையது அல்வி சாலையில் இப்போதுள்ள முஸ்தஃபா சென்டர் வந்தது. ஊருக்குப் போகிறவர் ஒரே கூரையின்கீழ் பெட்டி, நகை, கடிகாரம், மிட்டாய் எல்லாம் வாங்கிக்கொண்டு, பணத்தையும் மாற்றிக்கொண்டு கிளம்பலாம். நள்ளிரவு விமானத்துக்குப் போகிறவரும் இரவு வேலை முடிந்து வருகிறவரும் எப்போது கடைக்கு வருவார்? 2003ஆம் ஆண்டிலிருந்து கொவிட் காலம் வரை அது 24 மணி நேரமும் திறந்திருந்தது. வருகிறவர் யார், எந்த நேரத்தில் வருகிறார், கையில் என்ன வைத்திருக்கிறார் என்று பார்த்தே வளர்ந்த கடை என்பது என் கருத்து.

கடைசியாக ஒரு சம்பவம். சென்ற ஆண்டு ஒரு நிகழ்ச்சிக்காக நான்கு மாணவர்களைச் சந்தித்தேன். வெளிநாட்டு ஊழியர்களுக்கு ஒரு செயலி செய்கிறோம், தமிழிலும் வங்காளத்திலும் இருக்கும், மதியத்துக்குச் சூடான சாப்பாட்டை அதில் பதிவு செய்யலாம் என்றார்கள். நல்ல பிள்ளைகள், நல்ல நோக்கம். ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் முப்பது பேரைக் கேட்டிருக்கிறார்கள். முப்பது பேரும், "நல்லாயிருக்கும் தம்பி" என்றார்களாம். எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. அதே 52 பேர்!

அடுத்த ஞாயிறு நானும் கூடப் போனேன். திடலில் உட்கார்ந்திருந்தவர்களிடம் செயலியைப் பற்றி வாயே திறக்கக்கூடாது என்று நிபந்தனை. "அண்ணே, நேற்று மத்தியானம் சாப்பிட்டது எப்போது வந்தது?" என்பது மட்டும் கேள்வி. விடியுமுன் விடுதிக்குப் பொட்டலம் வந்துவிடும் என்றார் ஒருவர். அதை எடுத்துக்கொண்டு லாரியில் ஏற வேண்டும். வேலையிடத்தில் தொங்கவிட்டு, பன்னிரண்டு மணிக்குப் பிரித்தால் சில நாள் குழம்பு நுரைத்திருக்கும். "அப்போ என்ன செய்வீங்க?" கொஞ்ச நேரம் பேசவில்லை. பையன் ஒருவன் அடுத்த கேள்விக்கு வாயெடுத்தான், நான் கையைப் பிடித்தேன். பிறகு அவரே சொன்னார்: "குழம்பைக் கொட்டிட்டு வெறுஞ்சோறு சாப்பிடுவோம். பிஸ்கட் வச்சிருப்போம்."

அன்று மாலைக்குள் மாணவர்களின் திட்டம் ஏறக்குறைய தலைகீழாகிவிட்டது. மதியம் அந்த அண்ணன்கள் கையில் கைத்தொலைபேசி இருக்காது, லாக்கரில் இருக்கும். சாப்பாட்டுக்காரருக்கு ஏற்கெனவே மாதக் கணக்கில் பணம் போய்விட்டது. தனியாக இன்னொரு ஐந்து வெள்ளி எங்கிருந்து வரும்? கட்டுமான இடத்துக்குள் உணவு வண்டி நுழைய வேண்டுமானால் அனுமதிக்க வேண்டியவர் மேற்பார்வையாளர். சாப்பிடுகிறவர் ஒருவர், பணம் வசூலிப்பவர் ஒருவர், வாசலைத் திறப்பவர் இன்னொருவர். இவர்களில் யார் வாடிக்கையாளர்? அந்தக் கேள்வியோடு நான்கு பேரும் கோப்பிக் கடையில் வெகுநேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு மாணவிக்குக் கண் கலங்கிவிட்டது. நான்கு மாத உழைப்பு அல்லவா? அழகழகாகத் திரைகள் வரைந்து வைத்திருந்தார்கள்.

அவர்கள் நிறுவனம் இன்னும் பதியவில்லை. செயலியை ஓரமாக வைத்துவிட்டார்கள். இப்போது சாப்பாடு சமைத்துக் கொடுப்பவர்களையும் மேற்பார்வையாளர்களையும் ஒவ்வொருவராகச் சந்தித்து, இரண்டாம் நடை வண்டி விடுவதற்கு என்ன தடை, சூடு காக்கும் பெட்டியை வேலையிடத்தில் எங்கே வைப்பது என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். சிலர் பேசுகிறார்கள், சிலர் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். இந்த நிகழ்ச்சிக்குக் கிளம்பும்போது அந்த மாணவியிடமிருந்து குறுஞ்செய்தி வந்தது. "அக்கா, நாளைக் காலை நாலரை மணிக்குத் துவாஸ். பொட்டலம் இறங்குவதை நேரில் பார்க்கப் போகிறோம். வருகிறீர்களா?"

வருகிறேன் என்று பதில் போட்டிருக்கிறேன்.