மாம்பழப் பெட்டிக்குள் ஒரு கிதார்



திருக்குறளில் 73-ஆவது அதிகாரம் அவையஞ்சாமை. மேடையேறும் பிள்ளைகளுக்கெல்லாம் அதைச் சொல்லித்தான் அனுப்புகிறோம். நான் இன்று பேச வந்திருப்பது அவைக்கு அஞ்சுகிற ஒரு பெண்ணைப் பற்றி. கடைசிவரை அஞ்சுகிறாள், கடைசிவரை வாசிக்கிறாள்.

அவள் பெயர் கோதோ ஹிதோரி. ஹமாஜி அகி வரைந்த ‘போச்சி தி ராக்!’ என்ற நான்கு கட்டச் சித்திரக்கதையின் நாயகி. 2022 அக்டோபரில் அது 12 பகுதிகள் கொண்ட அனிமே நகைச்சுவைத் தொடராக வந்தது. ஜப்பானிய மொழியில் ‘ஹிதோரி’ என்றால் ஒற்றை ஆள். ‘ஹிதோரிபோச்சி’ என்றால் துணையில்லாமல் தன்னந்தனியாய் இருப்பது. இசைக்குழுத் தோழி ஒருத்தி அவளுக்குப் ‘போச்சி’ என்று பெயர் வைக்கிறாள். ‘ஒண்டிக்கட்டை’ என்று கூப்பிட்டால் நம் பிள்ளைகள் அழுவார்கள். இவள் பூரித்துப்போகிறாள். ஏன் தெரியுமா? இதுவரை அவளுக்குப் பட்டப்பெயர் வைக்கும் அளவுக்கு யாரும் நெருங்கி வந்ததில்லை. அந்த இடத்தில் சிரித்தேன். சிரித்த கையோடு தொண்டை அடைத்துக்கொண்டது.

அப்பாவின் கிதாரை எடுத்துக்கொண்டு, வீட்டு அலமாரிக்குள் உட்கார்ந்து, நாளைக்கு ஆறு மணி நேரம் என்று மூன்று ஆண்டுகள் பயின்றவள் அவள். முகம் காட்டாமல் இணையத்தில் ஏற்றிய காணொளிகளுக்கு ரசிகர்கள் உண்டு. பள்ளியில் பேச ஒரு ஆள் கிடையாது. கிதாரை மாட்டிக்கொண்டு போனால் யாராவது விசாரிப்பார்கள் என்று ஒருநாள் மாட்டிக்கொண்டு போகிறாள். யாரும் கேட்கவில்லை. பூங்காவில் தனியே ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தவளை, கிதார் வாசிக்க ஆள் தேடி ஓடிவந்த நிஜிகா என்ற டிரம்மர் பெண் கையைப் பிடித்து இழுத்துப் போகிறாள்.

போகும் இடம் டோக்கியோவின் ஷிமோகிதசாவா. சின்னச் சின்ன இசை அரங்குகளுக்குப் பேர்போன பகுதி. அங்கே ‘ஷெல்டர்’ என்றொரு அரங்கு உண்மையிலேயே இருக்கிறது. தொடரில் வரும் ‘ஸ்டாரி’ அதைப் பார்த்து வரைந்தது. ஹிதோரி சேரும் இசைக்குழுவின் நால்வருக்கும் ‘ஏஷியன் குங்ஃபூ ஜெனரேஷன்’ என்ற ராக் குழுவினரின் குடும்பப்பெயர்கள். ஸ்டாரியில் புதுக்குழுக்கள் இத்தனை டிக்கெட் என்று விற்றாக வேண்டும். வாயே திறக்காத பெண் கையில் ஐந்து டிக்கெட்டைக் கொடுக்கிறார்கள்!

முதல் மேடையில் அவள் மாம்பழ அட்டைப்பெட்டிக்குள் நுழைந்துகொண்டு வாசிக்கிறாள். நன்றாக வாசித்தாளா? இல்லை. இந்த இடத்தில் நான் தொடரை நிறுத்திவிட்டு வெகுநேரம் யோசித்தேன். மூன்று ஆண்டு உழைப்பு எங்கே போயிற்று? அலமாரிக்குள் அவள் கற்றது தனக்குத் தானே வாசிப்பது. டிரம்மரின் கையைப் பார்க்கவேண்டும், பேஸின் தாளத்துக்குக் காத்திருக்கவேண்டும், பக்கத்தில் நிற்பவளின் கண்ணைப் பார்க்கவேண்டும். அந்தப் பாடத்தை அலமாரி சொல்லித் தராது. வேறு நான்கு சுவர்களுக்குள், வேறு மூன்று பேரோடுதான் அது வரும். இதை இவ்வளவு நுட்பமாகச் சொன்ன இசைக்கதையை நான் பார்த்ததில்லை.

பயம் வரும்போதெல்லாம் படத்தின் உருவமே மாறுகிறது. முகம் உருகுகிறது, உடல் களிமண்ணாகிறது, திடீரென்று நிஜப் படக்காட்சி வருகிறது. சில இடங்களில் இதை அளவுக்கு மீறி நீட்டிவிட்டார்கள் என்பது என் எண்ணம். ஆனாலும் கூட்டத்தின் முன் நாக்கு ஒட்டிக்கொண்ட அனுபவம் உள்ளவர்களுக்குத் தெரியும்: உள்ளே அப்படித்தான் இருக்கும்.

மீந்த டிக்கெட்டுகளை விற்க வழியில்லாமல் அவள் தெருவில் வாசிக்க நேர்கிறது. கண்ணை இறுக மூடிக்கொள்கிறாள். கூட வாசிக்கும் கிக்குரி, எந்நேரமும் போதையில் திரியும் ஒரு பேஸ் கலைஞர், எதிரே நிற்பவர்கள் உன் எதிரிகள் இல்லை என்று புரியவைக்கிறாள். ஹிதோரி ஒற்றைக் கண்ணைத் திறக்கிறாள். கூட்டத்தில் ஒரு பெண் அவளுக்கு உற்சாகம் சொல்கிறாள்.

இனி பள்ளிக் கலைவிழா. பாட்டின் நடுவில் ஹிதோரியின் கிதாரில் தந்தி அறுந்துவிடுகிறது. நம்மூர் ஆண்டுவிழாவில் ஒரு பிள்ளை மைக் முன்னால் திகைத்து நின்றால் நாம் என்ன செய்வோம்? ‘பயப்படாதே, சொல்லு, சொல்லு’ என்று கீழேயிருந்து கத்துவோம். நானும் கத்தியிருக்கிறேன். அங்கே அவள் குழுவைச் சேர்ந்த கிதா இக்குயோ என்ற பெண், கிதார் பழக ஆரம்பித்துச் சில மாதங்களே ஆனவள், ஒரு சொல்லும் சொல்லாமல் தன் கிதாரை விடாமல் வாசித்து அந்த இடைவெளியை நிரப்புகிறாள். அவள் வாங்கிக் கொடுத்த அந்தச் சில நொடிகளில், கிக்குரி குடித்துவிட்டு வைத்த கண்ணாடிக் குப்பி ஹிதோரியின் கண்ணில் படுகிறது. அதை எடுத்துத் தந்திமேல் வழுக்கி வாசித்து முடிக்கிறாள். அரங்கம் அதிர்கிறது.

பிறகு அவளைப் பேசச் சொல்கிறார்கள். பேச வரவில்லை, பதற்றத்தில் கூட்டத்துக்குள் பாய்கிறாள். கூட்டம் விலகிக்கொள்கிறது. முகம் குப்புற விழுகிறாள். கண் விழிப்பது பள்ளியின் மருத்துவ அறையில்.

தொடர் முடிவது ஒரு சாதாரணக் காலையில். ஸ்டாரி அரங்கில் அவளுக்குப் பகுதிநேர வேலையும் உண்டு. வேலையை விட்டுவிட ஆசைதான். சொல்ல வாய் வரவில்லை. இன்றைக்கும் வேலைக்குப் போகணுமா என்று அலுத்துக்கொண்டே அந்தப் பெண் வாசலைத் தாண்டுகிறாள்.