மண்ணும் மக்களும் ஏரியும்

(கல்லூரி மாணவர்களும் வளர்ச்சித் துறை அலுவலர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரை)

மண்ணியல், சமூகவியல், பொழுதுபோக்கு மேலாண்மை ஆகிய மூன்றையும் ஒருங்கே பயில விரும்பும் மாணவரைக் கண்டால் பெற்றோரும் ஆசிரியரும் வியப்படைவது இயல்பே. இந்தியாவில் மண்ணியல் வேளாண் பல்கலைக்கழகங்களிலும், சமூகவியல் கலைக் கல்லூரிகளிலும் வளர்ந்தன. பொழுதுபோக்கு மேலாண்மையோ பெரும்பாலும் சுற்றுலா, உடற்கல்விப் படிப்புகளின் ஒரு கூறாகவே கற்பிக்கப்பட்டு வருகிறது. இவை மூன்றும் ஒன்றையொன்று அறியாமலே இயங்கி வந்துள்ளன. ஆனால் களத்தில் எழும் பிரச்சினைகள் துறைவாரியாகப் பிரிந்து வருவதில்லை. சண்டீகரின் சுக்னா ஏரி இதற்கு ஒரு சான்றாகும்.

சிவாலிக் குன்றுகளிலிருந்து வரும் பருவகால ஓடையைத் தடுத்து, 1958ஆம் ஆண்டில் இந்த ஏரி அமைக்கப்பட்டது. புதிய நகரின் மக்கள் மாலையில் உலாவவும் படகு செலுத்தவும் ஏற்ற இடமாக அது விளங்கியது. எனினும் இருபது ஆண்டுகள் நிறைவதற்குள்ளாகவே ஏரியின் கொள்ளளவில் பெரும் பகுதியை வண்டல் நிரப்பிவிட்டது. தூர் வாருவதற்குப் பெருஞ்செலவு பிடித்தது. வாரிய பின்னரும் வண்டல் வந்துகொண்டே இருந்தது.

இந்த வண்டல் எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு விடை கண்டவர்கள் மண்ணியல் வல்லுநர்கள். மத்திய மண்வள, நீர்வளப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனத்தின் சண்டீகர் நிலையத்தைச் சேர்ந்த பி. ஆர். மிஸ்ராவும் அவருடைய குழுவினரும் நீர்ப்பிடிப்புப் பகுதியை ஆராய்ந்தனர். அரியானா மாநிலத்துச் சுகோமாஜ்ரி என்னும் சிற்றூரைச் சூழ்ந்த குன்றுகள் அளவுமீறிய ஆடுமேய்ச்சலாலும் மரம் வெட்டுவதாலும் மொட்டையாகிக் கிடந்தன. ஒவ்வொரு மழையிலும் அம்மண் ஏரியை நோக்கிச் சென்றது.

காரணம் தெரிந்தது, தீர்வு அதனால் கிட்டிவிடவில்லை. மேய்ச்சலை நிறுத்துமாறு கூறுவது எளிது. ஏரியின் பயன் நகரத்தாருக்கு, அதற்கான இழப்பு கிராமத்தாருக்கு என்றால் எவர் உடன்படுவர்? இங்கு மண்ணியலின் எல்லை முடிந்து, பொருளியலும் சமூகவியலும் தொடங்குகின்றன.

1976ஆம் ஆண்டிலிருந்து கிராமத்தின் அருகே மழைநீரைத் தேக்கும் சிறு மண் அணைகள் கட்டப்பட்டன. பாசனம் கிடைத்ததும் விளைச்சல் பெருகியது. நிலமற்ற குடும்பங்கள் நியாயமான ஒரு கேள்வியை எழுப்பின: மேய்ச்சலை விட்டுக்கொடுப்பதில் தங்களுக்கும் பங்கு உண்டு எனில், நீரில் பங்கு இல்லையா? நிலம் உள்ளவர், இல்லாதவர் என்ற வேறுபாடின்றி ஒவ்வொரு குடும்பத்துக்கும் நீரில் சமபங்கு என்று முடிவாயிற்று. தம் பங்கைப் பயன்படுத்த இயலாதவர் பிறருக்கு விற்கலாம். இந்த ஏற்பாட்டை நடத்தக் கிராம மக்கள் சங்கம் அமைத்தனர். முள்வேலியோ காவலரோ இன்றி, மக்களே குன்றுகளைக் காத்தனர். இதற்குச் 'சமூக வேலி' என்னும் பெயர் வழங்கலாயிற்று. ஆடுகள் குறைந்து எருமைகள் பெருகின. குன்றுகளில் பாபர் புல் வளர்ந்து வருவாய் தந்தது. ஏரிக்கு வரும் வண்டலும் வெகுவாகக் குறைந்தது.

இது குறையற்ற வெற்றி என்று கூறுவதற்கில்லை. அணைகளிலும் காலப்போக்கில் மண் சேர்ந்தது. புல் வருவாயில் வனத்துறைக்கு உரிய பங்கு எவ்வளவு என்பது பின்னாளில் சர்ச்சைக்கு உள்ளாயிற்று. மக்களின் ஊக்கத்தால் உருவான ஏற்பாட்டை நிர்வாக விதிகள் தளரச் செய்யக்கூடும் என்பதை அலுவலர்கள் இதிலிருந்து உணர்ந்துகொள்ளுதல் நலம்.

2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை பல்துறைக் கல்வியை வலியுறுத்துகிறது. ஆயினும் மூன்று துறைகளிலிருந்து மூன்று பாடங்களைத் தேர்ந்தெடுத்து மதிப்பெண் பெறுவதனால் மட்டும் அது பல்துறைக் கல்வி ஆகிவிடாது. கல்லூரிக்கு அண்மையிலுள்ள ஓர் ஏரியையோ குளத்தையோ மூன்று துறை மாணவர்களும் சேர்ந்து ஆராயலாம். ஒருவர் மண்ணைச் சோதிப்பார். ஒருவர் மேய்ப்பவரிடமும் நிலமற்றவரிடமும் பேசுவார். ஒருவர் கரைக்கு வருவோரின் தேவைகளைக் கணக்கிடுவார். பின்னர் மூவரும் ஒரே அறிக்கையை எழுத வேண்டும்.

மாலையில் ஏரிக்கரையில் உலாவுபவர் குன்றின் மேலுள்ள ஆட்டுக்காரரைப் பார்ப்பதில்லை. அவ்விருவரையும் இணைத்துப் பார்க்கும் பட்டதாரிகளை உருவாக்குவதே கல்லூரிகளின் கடமையாகும்.