மஞ்சளும் நல்லமிளகும்
(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



குளச்சலில் நின்று பேசுகிறவன் நல்லமிளகை மறக்க முடியாது. மலபார் மிளகு வணிகத்தைத் தன் பிடியில் வைத்திருக்க நினைத்த டச்சுக் கம்பெனியை மார்த்தாண்ட வர்மாவின் படை 1741இல் தோற்கடித்தது இந்தக் கடற்கரையில்தான். அந்த வெற்றித் தூணை எல்லாரும் பாத்திருப்பீங்க. அதே மிளகு மஞ்சளுக்குச் செய்யும் ஓர் உதவியைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

மஞ்சளுக்கு நிறம் தருவது குர்குமின். அது ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் பொருள். பாக்டீரியாக்களின் வளர்ச்சியையும் அது தடுக்கிறது என்று 1949இலேயே 'நேச்சர்' இதழில் கட்டுரை வந்தது. அப்படின்னா காய்ச்சலுக்கு டாக்டர் ஏன் மஞ்சள் மாத்திரை எழுதித் தரவில்லை?

காரணங்கள் மூன்று. முதலாவது, குர்குமின் தண்ணீரில் கிட்டத்தட்ட கரைவதே இல்லை. கரையாத பொருளைக் குடல் உறிஞ்சாது. இரண்டாவது, கரைந்த கொஞ்சமும் நிலைப்பதில்லை. நம் உடம்பின் சூட்டில், இரத்தத்தின் காரத்தன்மையை ஒத்த கரைசலில் வைத்தால், அரை மணி நேரத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு சிதைந்துவிடுகிறது. மூன்றாவது, உள்ளே போனதையும் குடல் சுவரும் கல்லீரலும் உடனே உருமாற்றி வெளியே தள்ளிவிடும். ஆய்வுக்கூடத் தட்டில் கிருமியை அடக்கும் பொருள், உடம்புக்குள் கிருமி இருக்கும் இடத்துக்குப் போய்ச் சேர்வதே இல்லை.

இதில் மூன்றாவது தடையைத்தான் மிளகு தளர்த்துகிறது. பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியினர் 1998இல் வெளியிட்ட ஆய்வில், 2 கிராம் குர்குமினை மட்டும் கொடுத்தபோது இரத்தத்தில் அது தென்படவே இல்லை, அல்லது மிகக் குறைவாக இருந்தது. மிளகிலுள்ள பைப்பெரின் 20 மில்லிகிராம் சேர்த்ததும், உடம்பில் சேரும் அளவு 2000 சதவீதம் கூடியது. ஆனா ஒண்ணு: 2 கிராம் குர்குமினுக்குச் சுமார் 60 கிராம் மஞ்சத்தூள் வேணும். நம்ம மீன் கறியில் போடுவது ஒரு சிட்டிகை. கறி ருசிக்கும், மணக்கும். அதை மருந்தென்று சொல்லிவிடக் கூடாது.

முதல் தடைக்கு வேறு வழிகள் உண்டு. கல் உப்பைவிடப் பொடி உப்பு சீக்கிரம் கரைவதுபோல, குர்குமினை நானோ துகளாக்குகிறார்கள். லெசித்தின் என்ற கொழுப்புப் பொருளோடு பிணைக்கிறார்கள். சைக்ளோடெக்ஸ்ட்ரின் என்னும் சர்க்கரை வளையத்துக்குள் உட்கார வைக்கிறார்கள். புண்ணுக்கு மேலே போடுவதற்குக் குடல் வழியே போக வேண்டியதில்லை என்பதால், குர்குமின் கலந்த களிம்புகளையும் கட்டுத்துணிகளையும் ஆராய்கிறார்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கையும் சொல்லணும். கல்லீரலின் தடுப்பு நமக்கு எதிரி அல்ல, காவல்காரன். பைப்பெரின் அந்தக் காவலைத் தளர்த்தும்போது, நாம் சாப்பிடும் மற்ற மருந்துகளின் அளவும் இரத்தத்தில் ஏறலாம். அமெரிக்காவில் 2022இல் வெளியான ஓர் ஆய்வு, மஞ்சள் மாத்திரை சாப்பிட்டுக் கல்லீரல் பாதிக்கப்பட்ட 10 பேரைப் பற்றிச் சொல்கிறது. அவர்களில் ஒருவர் இறந்துபோனார். பரிசோதித்த மாத்திரைகள் சிலவற்றில் பைப்பெரினும் இருந்தது. 'இயற்கைதானே, என்ன செய்யும்?' என்று கேட்டு வாங்கி விழுங்குகிறவர்கள் நம் வீடுகளிலும் இருக்கிறார்கள். உறிஞ்சாத வரைக்கும் அது உணவு. உறிஞ்ச வைத்துவிட்டால் அது மருந்து. மருந்துக்குரிய அளவும் கணக்கும் சோதனையும் அதற்கும் வேண்டும்.

மாணவச் செல்வங்களே! நம் மாவட்டத்து மலையிலும் தோட்டத்திலும் மூலிகைகளுக்குப் பஞ்சமில்லை. அவற்றின் சாற்றைத் தட்டில் ஊற்றி, கிருமி செத்தது என்று எழுதி ஆய்வேட்டை முடித்துவிடாதீர்கள். எவ்வளவு கரைகிறது, எவ்வளவு நேரம் நிலைக்கிறது, எங்கே போய்ச் சேர்கிறது, அங்கே யாருக்கு என்ன கெடுதல் செய்கிறது என்ற நான்கையும் அளந்து பாருங்கள். அந்த வேலைக்கு என்னால் ஆன உதவி எப்போதும் உண்டு.