பொருளும் இன்பமும்

(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



வெளிநாடு சென்ற ஒரு பிள்ளையைப் பற்றிப் பேச்செழுந்தால், நாம் முதலில் கேட்பது "எவ்வளவு உழைக்கிறான்?" என்பதே. சுகமாக இருக்கிறானா என்பது பிறகுதான் நினைவுக்கு வருகின்றது. இன்று இவ்வழக்கத்தைப் பற்றியே சிறிது சிந்திக்க விரும்புகின்றோம்.

1776ஆம் ஆண்டு அமெரிக்கர் தம் சுதந்திரப் பிரகடனத்திலே, இன்பத்தைத் தேடுவது மனிதனுக்குள்ள உரிமை என்று பொறித்தனர். 1931இல் ஜேம்ஸ் அடம்ஸ் என்னும் வரலாற்றாசிரியர் 'அமெரிக்கக் கனவு' என்ற தொடரைப் பரவச் செய்தார். அக்கனவு மோட்டார் வண்டியும் உயர்ந்த சம்பளமும் மாத்திரமன்று. ஒவ்வொருவரும் தம் ஆற்றலுக்கேற்ப முழு வாழ்வு பெறக்கூடிய சமுதாயமே என்று அவரே விளக்கினார். ஆயினும் உலகத்தார் மனத்தில் நின்றவை வண்டியும் சம்பளமுமே! 1974இல் பொருளியலறிஞர் ரிச்சர்ட் ஈஸ்டர்லின், போருக்குப் பின் அந்நாட்டின் வருவாய் பெருகிய அளவுக்கு மக்களின் மகிழ்ச்சி பெருகவில்லை என்று எழுதினார். மனிதன் தன் செல்வத்தை அயலானின் செல்வத்தோடு ஒப்பிட்டே அளக்கிறான் என்பது அவர் காட்டிய காரணம். அந்த அளவுகோல் நம் ஊரிலும் இல்லையா?

பொருள் வேண்டா என்பது நம் கருத்தன்று. 1893இல் சிக்காகோவிலே, பட்டினியால் வாடுவோருக்கு உணவளியாது சமயம் போதிப்பதைச் சுவாமி விவேகானந்தர் கடிந்து பேசினார். திருக்குறளின் 133 அதிகாரங்களுள் 70 பொருட்பாலுக்குரியவை. ஆனால் அதற்கு முன்னே அறத்துப்பால் நிற்கின்றது. இன்பம் ஈற்றிலே வருகின்றது. இவ்வரிசையை மறந்ததே நம் குறை.

நம் துறைமுகத்தைப் பாருங்கள். பிரித்தானியக் கடற்படையோடு வேலையும் பணமும் வந்தன. 1957இல் தளம் கைமாறியபோது அவை குறைந்தன. சீனக்குடாக் காட்டிலே அவர்கள் விட்டுச்சென்ற எண்ணெய்க் குதங்கள் சாட்சியாக நிற்கின்றன. சுவாமிமலையிலோ, 17ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் இடித்த கோணேசர் கோயில், அடியார்கள் பலர் கூடி உழைத்ததனால் 1963இல் குடமுழுக்குக் கண்டது. சம்பளம் கப்பலோடு போயிற்று. பலர் கூடிச் செய்த அறம் மீண்டும் எழுந்தது.

இளைஞர்களே, போகவேண்டாம் என்று உங்களைத் தடுக்க வரவில்லை. 1983க்குப் பின் உயிர் காக்கவே கடல் கடந்தோர் பலர். ஆனால் பெற்றோரின் காணியை ஈடுவைத்துப் புறப்படுமுன், எதற்காகப் போகிறோம் என்று உங்களையே ஒருமுறை கேளுங்கள்.

பெரியோர்களே, குற்றம் இளைஞரிடம் மட்டுமில்லை. ஊரில் நின்று பிள்ளைகளுக்குப் படிப்பிப்பவனையும், வலை வீசி வீட்டைக் காப்பவனையும், உழைப்புக் குறைந்தவன் என்று சபையிலே பின்வரிசையில் இருத்தியவர்கள் நாமே. அடுத்த முறை ஒரு பிள்ளையைப் பற்றி விசாரிக்கும்போது, "நல்லாய் இருக்கிறானா? யாருக்கு உதவியாய் இருக்கிறான்?" என்று முதலிற் கேட்போம். அவ்வளவிலே நம் இளைஞரின் நெஞ்சிலுள்ள பாரத்திற் பாதி இறங்கும்.

கோணைநாதர் திருவருள் துணைநிற்பதாக.