பல்கலைக்கழக வாயிலில் நம் இளைஞர்

(வெள்ளி விழாக் கூட்டத்தில் அதியமான்கோட்டையில் ஆற்றிய உரை)

 

அதியமானை அறிவோம். அவன் ஔவைக்கு ஈந்த நெல்லிக்கனியையும் அறிவோம். அவன் கோட்டை வாயிலில் இரவெல்லாம் கண்விழித்து நின்றவனின் பெயரை அறிவார் எவருமிலர். அத்தகைய பெயரில்லாத காவலனைப் பற்றியே இன்று பேச விழைகிறோம். ஏனெனில் அவன் இன்று நம் வீட்டுப் பிள்ளை.

நம்மிடம் பயின்று சென்ற மாணவர் பலர் சீருடை அணிந்த பாதுகாவலர்களாக இருக்கின்றனர். ஓசூர்த் தொழிற்சாலைகளில் சிலர். பெங்களூரு அடுக்ககங்களில் சிலர். கல்லூரி, பல்கலைக்கழக வளாகங்களில் சிலர். நம் ஊரைத் தொட்டுச் செல்லும் சேலம் நெடுஞ்சாலையிலேயே, கருப்பூரில், 1997இல் தோன்றிய பெரியார் பல்கலைக்கழகம் இருக்கிறது. இத்தகைய வாயில்களில் நம் தெருவிலிருந்து ஒருவன் மாணவனாக நுழைகிறான்; இன்னொருவன் காவலனாக நிற்கிறான். முதலாமவனுக்கு மாலை சூட்டுகிறோம். இரண்டாமவன் விடுமுறையில் ஊருக்கு வந்தால், "என்ன சம்பளம்?" என்று மட்டும் கேட்கிறோம்.

காவல் வேலை நமக்குப் புதிதன்று. தலையாரி, வெட்டியான் என்ற பெயர்களில் ஊர்க்காவல் நம் முன்னோர் தலையில் பிறப்பால் சுமத்தப்பட்டது. களத்தில் அளந்து போட்டதே கூலி. களவு போனால் முதலில் ஐயுறப்பட்டவரும் அவரே. ஆதலால் இன்றைய சீருடையைக் கண்டு, 'பழைய வேலைதானே' என்று முகம் சுளிக்கும் பெரியவர்கள் நம்மிடையே உண்டு. அவர்கள் சுளிப்பில் நியாயம் இருக்கிறது. ஆயினும் ஒரு வேறுபாட்டை அவர்கள் எண்ணிப் பார்க்கவேண்டும். பழைய காவலுக்குக் கடமை மட்டுமே இருந்தது. புதிய காவலுக்குச் சட்டம் இருக்கிறது.

அந்தச் சட்டம் 2005ஆம் ஆண்டின் தனியார் பாதுகாப்பு முகமைகள் ஒழுங்குமுறைச் சட்டம். உரிமம் இன்றி எவரும் இத்தொழில் நடத்த முடியாது. காவலர் 18 வயது நிறைந்தவராகவும் 65 வயதைக் கடவாதவராகவும் இருத்தல் வேண்டும். புகைப்பட அடையாள அட்டை தரப்பட வேண்டும். மைய அரசின் மாதிரி விதிகள் 100 மணி நேர வகுப்புப் பயிற்சியும் 60 மணி நேரக் களப் பயிற்சியும் வேண்டும் என்கின்றன. தீயணைப்பு, முதலுதவி, காவல் நிலையத்தில் புகார் பதியும் முறை, அடையாள ஆவணங்களைச் சரிபார்த்தல் எல்லாம் அப்பாடத்தில் அடங்கும். ஆசிரியர் என்ற முறையில் நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி ஒன்றும் உண்டு: ஆவணங்களில் காணும் ஆங்கில எழுத்தையும் எண்ணையும் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்றும் அவ்விதி கூறுகிறது. பள்ளியைப் பாதியில் விட்டவனுக்கு வாயிற்காவலும் எளிதன்று!

நடைமுறை என்ன? நம் முன்னாள் மாணவர் ஒருவர் சொன்னார்: பயிற்சி என்பது சீருடை கொடுத்த அன்று காலை அரை மணி நேரம்; வேலை 12 மணி நேரம்; சீருடைக்கான பணமும் முதல் மாதச் சம்பளத்தில் பிடிக்கப்பட்டது. நியமனக் கடிதம் இல்லை. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் ஒவ்வொரு தொழிலாளிக்கும் நியமனக் கடிதம் தரவேண்டும் என்கின்றன. மிகைநேர வேலைக்கு இருமடங்கு ஊதியம் உண்டு. வருங்கால வைப்பு நிதிக்கு நம் சம்பளத்தில் 12 விழுக்காடு பிடித்தால், முதலாளியும் தம் பங்கைச் செலுத்தியாக வேண்டும். இவற்றைக் கேட்டால் வேலை போய்விடும் என்ற அச்சம் உண்மையானதே. தனியொருவர் கேட்டால் போகும். பத்துப் பேர் சேர்ந்து எழுத்தில் கேட்டால் அத்தனை எளிதில் போகாது.

இதனினும் பெரிய இழப்பு ஒன்று கண்ணுக்குத் தெரியாமல் நடக்கிறது. வாயிற்காவலர் அரசுப் பல்கலைக்கழகத்தின் நிரந்தர ஊழியராக இருந்தால், தமிழ்நாட்டின் 69 விழுக்காட்டு இடஒதுக்கீடு அங்கே பொருந்தும்; பட்டியல் இனத்தவருக்கு 18, அதனுள் அருந்ததியருக்கு 3, பழங்குடியினருக்கு 1. அதே வாயிலை ஒப்பந்த நிறுவனத்திடம் விட்டவுடன் இந்த எண்கள் காற்றில் கரைகின்றன. நிற்பவன் அதே நம் பிள்ளைதான்; உரிமையாகப் பெற்றிருக்க வேண்டிய இடத்தில் தயவாக நிற்கிறான். நம் கழகம் தீர்மானம் இயற்றி அரசுக்கு அனுப்ப வேண்டிய பொருள் இது.

இனி, பணியின் பெருமை. 2024 டிசம்பர் 23 இரவு சென்னை அண்ணா பல்கலைக்கழக வளாகத்துக்குள் ஒரு மாணவி பாலியல் வன்கொடுமைக்கு ஆளாக்கப்பட்டார். குற்றவாளி வளாகத்துக்குத் தொடர்பற்ற வெளியாள். 2025 ஜூன் 2 அன்று சென்னை மகளிர் நீதிமன்றம், 30 ஆண்டுகளுக்குக் குறையாத ஆயுள் தண்டனை விதித்தது. தண்டனை பின்னர் வந்தது. அந்த இரவு வந்துவிட்டது. விளக்கெரியாத பாதை எது, சுவர் இடிந்த பக்கம் எது என்பதை முதலில் காண்பவன் சுற்றி வரும் காவலனே. அதனைக் குறிப்பேட்டில் எழுதி, மேலதிகாரியின் கையொப்பம் பெற்று வைப்பவன் எத்தனையோ பெற்றோரின் உறக்கத்தைக் காக்கிறான். நம் பெண்களும் அங்கேதான் படிக்கின்றனர்.

அதிகாரத்தின் எல்லையையும் அறிதல் வேண்டும். காவலர் போலீசார் அல்லர். பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 40ஆம் பிரிவின்படி, கண்முன் நடக்கும் கடுங்குற்றத்தில் ஒருவரைப் பிடிக்கலாம். ஆறு மணி நேரத்துக்குள் போலீசாரிடம் ஒப்படைத்தாக வேண்டும். அடிக்கும் உரிமை எவர்க்கும் இல்லை.

ஐதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் 2015ஆம் ஆண்டின் இறுதியில் ரோகித் வெமுலாவும் தோழர்களும் விடுதியினின்று நீக்கப்பட்டு, வளாகத்தில் திறந்தவெளியில் தங்கினர். 2016 ஜனவரி 17இல் அவர் உயிர் துறந்தார். அத்தகைய நாளில் வாயிலில் நம்மவர் ஒருவர் பணியில் இருந்தால் என்ன செய்வது? ஆணையை எழுத்தில் கேட்கலாம். எவர் மீதும் கை வைக்காதிருக்கலாம். நடந்ததை நேரத்துடன் குறித்து வைக்கலாம். அதற்குமேல் அவரைக் குற்றம் சொல்ல நமக்கு மனமில்லை; அவருக்கும் குடும்பம் இருக்கிறது.

இளைஞர்களே, வாயிலில் நிற்பவன் உள்ளேயும் செல்லலாம். தில்லி ஜவகர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் காவலராக இருந்த இராசத்தானைச் சேர்ந்த ஒருவர், மாணவர் தந்த பாடக் குறிப்புகளைச் செல்பேசியில் படித்து, 2019இல் அங்கேயே ரஷ்ய மொழி இளங்கலை நுழைவுத் தேர்வில் தேறினார். அனைவர்க்கும் அது வாய்க்காது. தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2002 முதல் இருக்கிறது; இரவுக் காவல் புரிபவரும் அதில் பயிலலாம். படையிலோ காவல் துறையிலோ மூன்றாண்டு பணியாற்றியவருக்கு மேற்பார்வையாளர் பதவியில் முன்னுரிமை தரச் சட்டம் இடமளிக்கிறது. அதற்கும் மேலான பாதுகாப்பு அலுவலர் பதவிக்கு மத்தியப் பல்கலைக்கழகங்களில் பட்டமும் அனுபவமும் கேட்கின்றனர்.

விழா முடிந்த பின் ஞாயிறுதோறும் மாலையில் கழக நூலகத்தில் இருப்போம். காவல் பணியில் உள்ளோர் தம் சம்பளச் சீட்டையும் அடையாள அட்டையையும் எடுத்து வாருங்கள். உடன் அமர்ந்து படித்துப் பார்ப்போம்.