சுவர்க்கோழியின் பாட்டு



இரவெல்லாம் ஒலிக்கும் சுவர்க்கோழிக்குக் குரல்வளை கிடையாது. ஒரு முன்சிறகிலுள்ள அரம் போன்ற பற்களை மறுசிறகின் விளிம்பு உரச எழுவதே அதன் பாட்டு. பாடுவது ஆண், பெண்ணை அழைக்கவே பாடுகிறது. 1913இல் யோகான் ரேகன் என்ற ஆய்வாளர் அந்த அழைப்பைத் தொலைபேசியூடாக அனுப்பிப் பார்த்தார். பெண் சுவர்க்கோழி ஒலி வந்த கருவியை நோக்கியே நடந்தது. மணமுமில்லை, உருவமுமில்லை, ஒலி ஒன்றே போதுமாயிருந்தது.

பல இனங்களின் பாட்டு செக்கனுக்கு ஏறத்தாழ 5,000 அதிர்வுகள் கொண்டது. அதை நாடாவிற் பதிந்து பாதி வேகத்தில் ஓட்டினால் சுருதி ஒரு ஸ்தாயி இறங்கும். கால் வேகத்தில் இரண்டு ஸ்தாயி. ஒரே கீச்சொலியாகக் கேட்டது தனித்தனித் துடிப்புகளாகப் பிரியும்.

முதுமையில் முதலில் மங்குவது உச்சச் சுருதிகளைக் கேட்கும் திறனே. என் தந்தையார் கடைசிக் காலத்தில் ஒருநாள், "தம்பி, இப்ப பூச்சியள் கத்திறேல்லையே?" என்று கேட்டார். முற்றமெங்கும் அவை கத்திக்கொண்டிருந்தன. "ஓம் ஐயா" என்று சொல்லிவிட்டேன். வீட்டில் ஒலிப்பதிவுக் கருவி இருந்தது. நாடாவை மெதுவாக ஓட்டினால் அந்தப் பாட்டு அவர் செவிக்கு எட்டும் சுருதிக்கு இறங்கிவரும் என்பதை அன்று நான் அறிந்திருக்கவில்லை.

இன்றிரவு உங்கள் வீட்டுப் பெரியவரிடம் கேட்டுப் பாருங்கள், முற்றத்துப் பாட்டு அவருக்குக் கேட்கிறதா என்று.